ஹிபாச்சி மேஜையில் அலர்ஜி உள்ளவர் உட்காரும்போது

அமெரிக்காவில் பிறந்தநாள், பட்டமளிப்பு, ஆபீஸ் டின்னர் என்றால் ஹிபாச்சி என்னும் ஜப்பானிய பாணி உணவகத்துக்குக் கூட்டமாகப் போவது சகஜம். 1964-ல் ராக்கி அவோகி நியூயார்க்கில் பெனிஹானா என்ற உணவகத்தைத் தொடங்கியதிலிருந்து பரவிய பழக்கம் இது. சூடான இரும்புக் கல்லைச் சுற்றி எல்லாரும் உட்கார, சமையல்காரர் முட்டையைச் சுழற்றுவார், வெங்காய வளையங்களை அடுக்கித் தீ மூட்டுவார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அலர்ஜி மருத்துவரான எனக்கோ கவலை. உங்கள் சாப்பாடும் பக்கத்தில் இருப்பவர் சாப்பாடும் வேகிற கல் ஒன்றே.

என்னிடம் வரும் பள்ளி மாணவன் ஒருவனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. நண்பனின் பிறந்தநாளில் கவனமாகச் சிக்கன்தான் கேட்டிருக்கிறான். ஆனால் பல இடங்களில் முதலில் எல்லாருக்குமே ஓரிரு இறால் வறுத்துத் தருவார்கள். இறாலை நறுக்கிய அதே தட்டைக் கரண்டி அடுத்து அவன் சிக்கனைப் புரட்டியது. சிறிது நேரத்தில் உதடு அரித்தது, பிறகு விடாத இருமல். கூட இருந்தவர்கள் அலர்ஜி சிரப் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கடும் அலர்ஜிக்கு உடனே போட வேண்டிய எபிநெஃப்ரின் ஊசி காரில் கிடந்தது. பையன் தேறிவிட்டான். ஆனாலும் அந்தக் காத்திருப்பு உயிரோடு விளையாடுவது.

"அவ்வளவு சூட்டில் எல்லாம் போய்விடாதா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். போகாது. இறாலில் அலர்ஜி தரும் ட்ரோப்போமயோசின் சூட்டைத் தாங்கும் புரதம். கல்லைச் சுரண்டித் துடைத்தால் போதாது. சிலருக்கு இறால் வேகும் ஆவியே மூச்சிரைப்பைக் கிளப்பும். இறால், மீன் அலர்ஜியோடு ஆஸ்துமாவும் இருந்தால் வேறு உணவகம் பாருங்கள் என்றே சொல்வேன்.

இறால் மட்டுமல்ல. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. ஃப்ரைடு ரைஸில் முட்டையும் வெண்ணெயும் சேரும், மேலே எள் தூவுவார்கள். தொட்டுக்கொள்ளத் தரும் யம் யம் சாஸ், முட்டை சேர்ந்த மயோனைஸில் செய்வது. அமெரிக்கச் சட்டப்படி 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவது முக்கிய அலர்ஜிப் பொருள், லேபிளில் குறிப்பிட்டாக வேண்டும். ஆனால் அந்த லேபிள் விதி பாக்கெட் உணவுக்குத்தான். உங்கள் முன் வைக்கும் தட்டுக்கு இல்லை. சுத்த சைவக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: டோஃபு வேகிற எண்ணெயில் இறைச்சிச் சாறு கலந்திருக்கும்.

மேஜையில் உட்கார்ந்த பிறகு சொல்வது தாமதம். இடம் பதிவு செய்யும்போதே மேனேஜரிடம் பேசுங்கள். உள்ளே சமையலறையில், கழுவிய தனிச் சட்டியில், தனிக் கரண்டியால் சமைத்துத் தருவீர்களா என்று கேளுங்கள். "பார்த்துக்கொள்கிறோம்" என்று மழுப்பினால் அந்த இடம் வேண்டாம். விருந்து கொடுப்பவர்களே, அழைக்கும்போதே யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டுச் சொல்லாமல் வருபவர்கள் நிறைய.

ஊசி கைப்பையில் இருக்கட்டும். சாப்பிட்டதும் தடிப்போடு இருமலோ வாந்தியோ வந்தாலும், மூச்சுத்திணறல் மட்டும் வந்தாலும், சிரப்பை நம்ப வேண்டாம். தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே ஊசி போடுங்கள், பேன்ட்டின் மேலேயே போடலாம். 911-ஐ அழையுங்கள். நடக்க விடாமல் படுக்க வையுங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும். 5 முதல் 15 நிமிடத்துக்குள் தேறாவிட்டால் இன்னொன்று போட வேண்டிவரும். அதற்காகத்தான் இரண்டு ஊசியாக எழுதித் தருகிறோம்.