கப்பிள், ஃபியூ, செவரல்: தமிழில் எத்தனை?

ஆங்கிலத்தில் கப்பிள், ஃபியூ, செவரல் என்று வரும் மூன்றையும் ‘சில’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவது மொழிபெயர்ப்பில் அடிக்கடி நடக்கிறது. தமிழுக்கு அந்த நெருக்கடியே கிடையாது. அடுத்தடுத்த எண்களைச் சேர்த்து ஓரிரு, இரண்டு மூன்று, நாலைந்து, ஏழெட்டு என்று படிப்படியாகச் சொல்ல நமக்கு வழி இருக்கிறது. மதுரைப் பக்கம் ‘நாலஞ்சு’, ‘ஏழெட்டு’ இல்லாமல் யாரும் கணக்குப் பேசுவதில்லை.

கப்பிள் என்பதன் வேர் லத்தீன் ‘கோபுலா’, அதாவது பிணைப்பு. தம்பதிக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். ‘எ கப்பிள் ஆஃப்’ என்றால் முதற்பொருள் இரண்டு. பேச்சில் மூன்று வரை தளரும். ‘ஓரிரு’ ஒன்றிலிருந்தே தொடங்குவதால் இங்கே பொருந்தாது, ‘இரண்டு மூன்று’ என்பதே சரி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து வெளிநாட்டுக்கு மல்லிகை அனுப்புகிறவருக்கு ‘எ கப்பிள் ஆஃப் பாக்ஸஸ்’ என்று ஆர்டர் வந்தால், எண்ணிக்கையை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு பெட்டி கட்டுவது நல்லது. மல்லிகை மொட்டு விரிந்துவிட்டால் விலை போகாது.

ஃபியூ பழைய ஆங்கிலச் சொல். இதில் கவனிக்க வேண்டியது முன்னால் நிற்கும் ‘எ’. ‘எ ஃபியூ’ என்றால் ‘சிலர் வந்தார்கள்’. ‘எ’ இல்லாவிட்டால் ‘வந்தவர்கள் சிலரே’. ஆள் வந்ததை முன்னது சொல்கிறது, வராத குறையைப் பின்னது சொல்கிறது. அந்தக் குறையைத் தமிழில் ஏகாரம் காட்டிவிடும். ‘குவைட் எ ஃபியூ’ வந்தால் நேர்மாறு: நிறையப் பேர்.

மூன்றில் ஆபத்தானது செவரல். லத்தீனில் ‘பிரிந்த, தனியான’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. எண்ணிக்கையாக வரும்போது இரண்டுக்கு மேல், ஆனால் மிகப் பல அல்ல. ‘பல’ என்றால் கூடிவிடும், ‘சில’ என்றால் குறைந்துவிடும். இடத்தைப் பார்த்து ‘நாலைந்து’ அல்லது ‘ஏழெட்டு’ போடலாம். ஆனால் சட்ட ஆவணங்களில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடன் பத்திரத்தில் ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’ என்று இருந்தால் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று அர்த்தம். மூன்று பேர் சேர்ந்து ஆறு லட்சம் கடன் வாங்கியிருந்தால், தலைக்கு இரண்டு லட்சத்தோடு பொறுப்பு முடியாது. அவர்களில் ஒருவரிடமே முழு ஆறு லட்சத்தையும் கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 43ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. அப்படிக் கட்டியவர் மற்றவர்களின் பங்கை அவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பதும் அதே பிரிவில் உண்டு. கையெழுத்துக்கு முன் இந்த ஒரு வரியையாவது நிறுத்தி வாசிக்க வேண்டும்.

இந்த மூன்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சொல், எண்ணுக்குப் பின்னால் வரும் ‘ஆட்’. ‘ட்வென்டி ஆட்’ என்பதில் வரும் இந்த ஆட், கூர்முனையைக் குறித்த பழைய நோர்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி) சொல்லிலிருந்து வந்தது. முக்கோணத்தின் மூன்றாம் முனை ஜோடி சேராமல் நிற்பதால் ‘மிச்சம்’ என்ற பொருள் வந்தது. நம்மிடம் இதற்கு அச்சான சொல் ‘சொச்சம்’. இருபது சொச்சம் என்றால் இருபதுக்கு மேல்தான். பாரசீகத்திலிருந்து வந்த ‘சுமார்’ இரண்டு பக்கமும் நகரும்: சுமார் இருபது பதினெட்டாகவும் இருக்கலாம், இருபத்திரண்டாகவும் இருக்கலாம். ‘ஹண்ட்ரட் ஆட்’ என்பதைச் ‘சுமார் நூறு’ என்று எழுதினால், மூலத்தில் இல்லாத தொண்ணூற்றைந்தும் உள்ளே வந்துவிடும்.