லண்டன் வெயிலை நெல்லையில் விற்கிறார்கள்

ஆவணியில் ஒரு நாள், கடையைத் திறந்து சாம்பிராணி காட்டி முடிப்பதற்குள் அந்த அண்ணாச்சி வந்துவிட்டார். ஈரிழைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்ததை மேஜையில் வைத்துப் பிரித்தார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டப் பித்தளை, அதைச் சுற்றி ரோமன் எண்கள், நடுவில் முக்கோணத் தகடு ஒன்று நிமிர்ந்து நின்றது. நிழற்கடிகாரம்.

"தம்பி, இது பாளையங்கோட்டைக் கோட்டைக்குள்ள இருந்ததாம். இருநூத்தம்பது வருசம் இருக்கும்னாங்க."

"என்ன விலை கொடுத்தீங்க அண்ணாச்சி?"

"அத விடும்வே. பொருளப் பாரும்."

விலையைச் சொல்லத் தயங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கொஞ்சம் இறங்கும். பெரும்பாலும் ஏமாந்த விலையாகத்தான் இருக்கும். மேஜை இழுப்பறையில் மகளின் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கிறது. அதிலிருந்த பாகைமானியை எடுத்து முக்கோணத் தகட்டின் சாய்வுக்கு வைத்தேன். 51 பாகையைத் தாண்டி நின்றது.

அந்தத் தகட்டை நாங்கள் முள் என்றுதான் சொல்வோம். தரையில் படுக்கவைக்கும் நிழற்கடிகாரத்தில், முள்ளின் சாய்வு அது நிற்கும் ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் முள் பூமியின் அச்சுக்கு இணையாக, துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கம் நீளும். திருநெல்வேலியின் அட்சரேகை 8.7 பாகை. துருவ நட்சத்திரம் இங்கே அவ்வளவு உயரத்தில்தான் தெரியும். வடக்கே நாலு பனை நின்றால் அதற்குள் மறைந்துவிடும். ஆக, நம் ஊருக்கென்று செய்த கடிகாரத்தின் முள் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். ஐம்பத்தொன்றரைப் பாகை என்பது லண்டன். ஜெய்ப்பூரில் ஜெய்சிங் மகாராஜா கட்டிய 27 மீட்டர் உயர நிழற்கடிகாரமான சாம்ராட் யந்திரத்தின் சாய்வுச் சுவர்கூட 27 பாகைதான், அந்த ஊர்க் கணக்குப்படி. முள் செங்குத்தாக நிமிர்ந்து நிற்பது பார்வைக்குக் கம்பீரம்தான். அந்தக் கம்பீரத்துக்கு மயங்கித்தான் பலரும் வாங்குகிறார்கள்.

முள்ளை வளைக்கலாம், மாற்றியும் வைக்கலாம். அதனால் அதோடு விடாமல் மணிக்கோடுகளையும் பார்ப்பேன். இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை, ஏனென்றால் இதில் யாரும் பொய் சொல்ல முடியாது. லண்டன் கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக் கோட்டுக்கும் ஒரு மணிக் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய 12 பாகை. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே 19. கோடுகள் ஓரளவு சீராகப் பரவியிருக்கும். திருநெல்வேலிக்குக் கணக்குப் போட்டால் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையே 2.3 பாகைதான் வரும். உச்சிப்பொழுதுக் கோடுகள் விளக்குமாற்றுக் குச்சி போல ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலோ 60 பாகை, வெறும் பொட்டல். இப்படிக் கோணல்மாணலாக இருப்பதுதான் நம் பக்கத்துக் கடிகாரம். அழகாக, சமமாகக் கோடு பிரித்த ஒன்றைக் காட்டி 'நம்ம ஊர்ல இருந்தது' என்றால், இருந்திருக்கலாம், ஆனால் நேரம் காட்டியிருக்காது.

அண்ணாச்சியின் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். முள்ளைப் பிடித்திருந்தது ஸ்டார் ஸ்க்ரூ. முன்பக்கத்தில் 1740 என்று வருடம் வெட்டியிருக்கிறது. ஸ்டார் ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எண்களின் ஓரம் மழுங்கி உருண்டிருந்தது. அச்சில் வார்த்த எழுத்து. கையால் உளி பிடித்து வெட்டிய கோடு அடியில் கூர்மையாக, ஓரிடத்தில் ஆழமும் ஓரிடத்தில் மேலோட்டமுமாக இருக்கும். வடக்கே பித்தளைச் சாமான் செய்யும் ஊர்களில் இதைப் போல ஆயிரக்கணக்கில் செய்கிறார்கள். அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை. நடுவில் யாரோ ஒருவர் கோட்டைக் கதையைச் சேர்த்துவிடுகிறார்.

சரி, உண்மையான பழைய நிழற்கடிகாரம் நம் பக்கம் கிடைக்கவே கிடைக்காதா? கிடைக்கும், அரிதாக. திருவிசநல்லூர்க் கோயில் மதிலில் இருப்பது போலச் சுவர்க் கடிகாரங்கள் தஞ்சைப் பக்கம் உண்டு. ஆனால் நேரம் பார்க்க நம் ஆட்களுக்குப் பித்தளையே தேவைப்படவில்லை. பதினாறு விரற்கடை நீளத் துரும்பு ஒன்று போதும். அதை ஆங்கில L எழுத்து போல மடித்து வெயிலில் நிறுத்துவார்கள். நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை நகர்த்துவார்கள். நின்றது எத்தனை விரலோ, விடிந்து அத்தனை நாழிகை. மதியத்துக்கு மேல் என்றால் பொழுது சாய அத்தனை நாழிகை பாக்கி. நான் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். பங்குனியில் சூரியன் நேர் கிழக்கே உதிக்கும் நாளில் துரும்பு சரிபாதியாக மடிந்தது. எட்டு நாழிகை, அதாவது 3 மணி 12 நிமிடம். உதித்து உண்மையில் ஆகியிருந்தது மூன்று மணியும் சில நிமிடங்களும். ஓசியில் கிடைக்கும் துரும்புக்கு இது போதாதா? இப்படிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிற கருவி, வாங்கிச் சேர்க்கிறவர் கைக்கு எப்படி வரும்.

சுவர்க் கடிகாரம் என்று யாராவது விற்க வந்தால் எந்தச் சுவர் என்று கேளுங்கள். தெற்குச் சுவர் என்றால் இன்னொரு கேள்வி இருக்கிறது. சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு நெல்லையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். உச்சிப்பொழுதில் நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் வடக்கே நிற்கும், தெற்குச் சுவரில் வெயிலே படாது. வருடத்தில் நாலரை மாதம் தூங்குகிற கடிகாரத்தை அந்தக் காலத்து ஆசாரி தனியாகவா மாட்டியிருப்பார்? வடக்குச் சுவரில் அதன் ஜோடி எங்கே?

இன்னொன்று, நிமிடக் கணக்கு. உண்மையான கருவியை வாங்கிவிட்டு 'ஸ்லோவா போகுது' என்று வருகிறவர்கள் உண்டு. நம் கைக்கடிகார நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். நெல்லை இருப்பது 77.7 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் நம் வெயில் எப்போதும் 19 நிமிடம் பின்தங்கித்தான் இருக்கும். அதற்கு மேல் பூமியின் சுற்றுப்பாதையால் வரும் ஏற்ற இறக்கம் வேறு. பிப்ரவரி நடுவில் இரண்டும் சேர்ந்து 33 நிமிடம் பின்தங்கும். நவம்பர் தொடக்கத்தில் 3 நிமிடம்தான் வித்தியாசம். பழைய கருவிகளில் இந்தத் திருத்தத்தைச் சிறு அட்டவணையாக வெட்டியிருப்பார்கள், அதை விடாதீர்கள். நெல்லைக்கு 10 நிமிடம் கூட்டச் சொன்னால் அது சென்னை நேரத்துக்குச் செய்த திருத்தம்; 1906-இல் இந்திய நேரம் வருவதற்கு முந்தைய கருவி என்று நம்ப இடமிருக்கிறது. 19 என்று இருந்தால் அதற்குப் பிந்தியது. வியாபாரி சொல்லும் வயதைவிட இந்த ஓர் எண்ணை நான் நம்புவேன்.

நிழல் கதை இப்படி என்றால் தண்ணீர்க் கதை இன்னும் மோசம். நாழிகை வட்டில் என்பது அடியில் நூலிழைத் துளை கொண்ட செப்புக் கிண்ணம். தண்ணீரில் மிதக்கவிட்டால் துளை வழியாகத் தண்ணீர் ஏறி, ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், மூழ்கும். எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிட வேண்டும். சங்கப் பாட்டில் வரும் குறுநீர்க் கன்னலும் தண்ணீரில் நேரம் அளந்ததுதான். இப்போது இந்தப் பெயருக்குச் சந்தையில் மதிப்பு வந்துவிட்டது.

சென்ற வருடம் ஓர் இளைஞர், ஐடி வேலை, ஒரு செப்புப் பாத்திரத்தோடு வந்தார். விளிம்பில் மூன்று வளையம். அடியில் துளை, பல்குச்சி தாராளமாக நுழையும். வாசலில் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து மிதக்கவிட்டோம். நான் டீ வாங்கிவர ஆள் அனுப்பினேன். டீ வருவதற்குள் மூழ்கிவிட்டது.

"அண்ணே, துளை தேஞ்சு பெருசாயிருக்குமோ?"

துளை தேயலாம். வளையம் ஏன்? மிதக்கவிடும் கிண்ணத்துக்குத் தொங்கவிடும் வளையம் எதற்கு? அது தாராபாத்திரம். லிங்கத்துக்கு மேலே தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக அபிஷேகம் நடக்கும் பாத்திரம். அவருக்கு அப்போதுதான் முகம் மாறியது. ஏமாந்தது ஒரு பக்கம். இது எந்தக் கோயிலிலிருந்து வெளியே வந்தது என்ற கேள்வி மறுபக்கம். விற்றவரிடம் எழுத்துமூலமாக ஒன்றும் வாங்கவில்லை. நான் தொடமாட்டேன் என்று சொல்லி, வக்கீலைப் பார்க்க அனுப்பினேன்.

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்தைத் தாண்டியவை தொல்பொருள். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அமெரிக்காவில் இருக்கும் மருமகனுக்குப் பரிசாகக்கூட. மண்ணுக்குள் கிடைத்தது என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 'ஆதிச்சநல்லூர்ப் பக்கம் தோண்டும்போது வந்தது' என்று சொன்னால் விலை ஏறும் என்று சிலர் நினைக்கிறார்கள். வழக்குத்தான் ஏறும். தந்தத்தில் செய்த மடக்கு நிழற்கடிகாரங்கள் ஐரோப்பாவில் உண்டு. இங்கே தந்தம் வாங்குவதும் விற்பதும் குற்றம், எவ்வளவு பழையதானாலும்.

இத்தனையும் தாண்டி நல்ல பொருள் கைக்கு வந்தாலும், அதைக் கெடுப்பதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. கார்த்திகைக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவது போல இதையும் விளக்கிவிடுகிறார்கள். புளியில் இருக்கும் அமிலம் கறையோடு நிற்காது. பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்து, செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாக விடும். சாம்பலோ பாலிஷ் பொடியோ சேர்த்துத் தேய்த்தால், மயிரிழைக் கோடுகள் நாலு கார்த்திகையில் காணாமல் போகும். குத்துவிளக்குக்குப் பளபளப்பு அழகு. கருவிக்குக் கோடுதான் உயிர். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றினால் போதும். பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தால் மட்டும், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டில் உண்மையான பழைய பித்தளைத் தட்டு ஒன்றைப் பார்த்தேன். தொழுவத்துப் பரணில் இரண்டு தலைமுறையாகக் கிடந்தது. தகட்டை மடக்கித் தட்டிய அடிப்பாகத்தில் வரிவரியாக விரிசல், விரலால் தொட்டபோது ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவின் வேலை. வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளத்துத் தோட்டாக்களின் பித்தளை உறை மழைக்காலத்தில் இப்படித்தான் வெடித்தது. பக்கத்தில் குதிரை லாயம். அந்தத் தட்டை என்னால் ஒட்டவைக்க முடியவில்லை. இன்னும் அது மனசில் கிடக்கிறது.

இருட்டில் ஒளிரும் முள்ளும் எண்ணும் கொண்ட பழைய கைக்கடிகாரம், திசைகாட்டி கிடைத்தால் சுரண்டாதீர்கள், திறக்காதீர்கள். ஒளி நின்றுவிட்டது என்பதால் அதில் பூசிய ரேடியம் தீர்ந்துவிடவில்லை. அதன் அரை ஆயுள் 1600 வருடம். பாதரசம் ஊற்றிய பெண்டுலம் வந்தால் படுக்கவைத்து ஆட்டோவில் கொண்டுவர வேண்டாம். எனக்குத் தகவல் சொன்னால் நானே வருகிறேன்.

அண்ணாச்சி கதைக்கு வருகிறேன். விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க அவருக்குக் கூச்சம். "ஊரெல்லாம் தெரிஞ்சிரும்வே." சரி, தூக்கிப் போடவும் வேண்டாம் என்று ஒரு வழி சொன்னேன். தட்டின் தெற்கு ஓரத்தை 43 பாகை தூக்கிவைத்தால் முள்ளின் சாய்வு நெல்லைக் கணக்குக்கு இறங்கிவிடும். தச்சாசாரியிடம் தேக்கில் ஆப்பு மாதிரி ஒரு பீடம் செய்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ரசமட்டம் பார்த்துப் பொருத்தினோம். நவம்பர் முதல் வாரம், மழை விட்ட ஒரு நாள், செல்போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று நிமிட வித்தியாசம். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

மார்கழியில் ஒரு நாள் போன் வந்தது. "வே, ஊரே வெயில்ல காயுது. இது மேல மட்டும் எட்டரை மணிக்கு முன்னால வெயில் விழ மாட்டேங்கு. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் தட்டு நிழலாயிருது. என்ன கோளாறு?"

கோளாறு ஒன்றும் இல்லை அண்ணாச்சி என்றேன். அப்படிச் சாய்ந்த தட்டு லண்டன் தரைக்கு இணையாக நிற்கிறது. அந்த ஊரில் டிசம்பர் மாதப் பகல் அவ்வளவுதான்.