வாளையாரில் நின்ற லாரியும் கஞ்சிக்கோட்டுக் கிடங்கும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் க.க.சாவடியைத் தாண்டினால் தமிழக-கேரள எல்லையான வாளையார் வந்துவிடும். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை, அங்கிருந்த விற்பனை வரிச் சோதனைச் சாவடியின் முன் லாரிகள் வரிசை கட்டி நிற்பது எல்லைப்புறத்தில் வாழும் எங்களுக்கு அன்றாடக் காட்சி. காலையில் வந்த லாரி சில நாட்களில் மதியத்துக்குள் கடந்துவிடும். சில நாட்களில் ஓட்டுநர் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே உறங்கி எழுவார். அந்த வரிசையால் டீசலும் நேரமும் வீணாகின என்று அப்போது பேசிக்கொண்டோம். ஆனால் அதைவிடப் பெரிய செலவு, சாலையிலிருந்து விலகி, தொழிற்சாலைக் கிடங்குகளுக்குள் சத்தமில்லாமல் குவிந்துகொண்டிருந்தது.

எல்லைக்கு அப்பால் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் மோட்டார் பம்பு பூட்டும் ஒரு சிறு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். அதற்கு வேண்டிய இரும்பு வார்ப்புகள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவைப் பவுண்டரி ஒன்றிலிருந்து வருகின்றன. நாளொன்றுக்குச் சராசரியாக 100 வார்ப்புகள் தேவை. அத்தேவை நாளுக்கு நாள் 20 அளவுக்குக் கூடிக் குறையும். ஆர்டர் சொன்ன பிறகு லோடு வந்து இறங்கச் சராசரியாக 4 நாட்கள் ஆகின்றன. இந்த நிலையில், வேலை நின்றுபோகாமல் இருக்கக் கையில் எவ்வளவு உபரி வைத்திருக்க வேண்டும்? இந்த உபரியைத்தான் பாதுகாப்பு இருப்பு என்கிறார்கள்.

இதைக் கணக்கிடும் முறை பழையது, சூத்திரமும் எளிது. வந்து சேரும் நாட்களைத் தினசரித் தேவையின் ஏற்ற இறக்கத்தின் (புள்ளியியலில் திட்டவிலக்கம்) வர்க்கத்தால் பெருக்க வேண்டும். தினசரித் தேவையின் வர்க்கத்தை, வந்து சேரும் நாட்களின் ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தால் பெருக்கி அதனுடன் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை 1.65ஆல் பெருக்கினால், நூற்றுக்கு 95 முறை சரக்குத் தீராமல் காக்கும் இருப்பு கிடைக்கும்.

லோடு தவறாமல் நான்காம் நாளே வரும் என்றால், விடை 66 வார்ப்புகள். அதே சராசரி 4 நாட்கள்தான், ஆனால் ஒருமுறை இரண்டரை நாளில், மறுமுறை ஐந்தரை நாளில் என்று ஒன்றரை நாள் அளவுக்கு அலைபாய்கிறது என்றால், விடை 256ஆக எகிறுகிறது. சரி, சராசரியையே பாதியாக, 2 நாட்களாகக் குறைத்துவிடுவோம். அலைபாய்தல் மட்டும் அப்படியே இருக்கட்டும். 252 தான் வருகிறது. மாறாக, 4 நாட்களை அப்படியே விட்டுவிட்டு அலைபாய்தலை அரை நாளாகக் குறைத்தால், 106 போதும். வேகமான லாரியைவிடச் சொன்ன நாளில் வரும் லாரிதான் இந்த உபரியைக் குறைக்கிறது. சராசரி குறைந்தால் வழியில் கிடக்கும் சரக்கு குறையும் என்பது உண்மைதான், ஆனால் அது வேறு கணக்கு.

இதைப் பணமாக மாற்றிப் பார்க்கலாம். ஒரு வார்ப்பு 800 ரூபாய் என்று கொண்டால், 256க்கும் 106க்கும் இடையிலான 150 வார்ப்புகளில் முடங்குவது 1,20,000 ரூபாய். 12 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 14,400 ரூபாய். இது ஒரே ஓர் உருப்படிக்கு மட்டும். இத்தகைய 60 உருப்படிகள் வாங்கும் தொழிற்சாலையில் 72 லட்சம் ரூபாய் நடைமுறை மூலதனம் அலமாரியில் துருவேறிக்கொண்டிருக்கும். மூலதனத்தின் மீதான வருவாய் என்பது லாபத்தை மூலதனத்தால் வகுப்பது. இங்கே வட்டி மேலே உள்ள எண்ணைச் சுருக்க, தேங்கிய சரக்கு கீழே உள்ள எண்ணைப் பெருக்குகிறது. கிடங்கு நிரம்பியிருப்பதைப் பெருமையாகச் சுற்றிக் காட்டும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் நோயின் அறிகுறி.

நோய் கிடங்கோடு நிற்பதும் இல்லை. லோடு எப்போது வரும் என்று தெரியாதவர், முன்ஜாக்கிரதையாக இருமடங்கு ஆர்டர் சொல்வார். பவுண்டரிக்காரர் அதைக் கூடிய தேவை என்று எண்ணிக் கூடுதல் வார்ப்பிரும்பும் கரியும் வாங்குவார். பிறகு கிடங்கு நிரம்பியதும் ஆர்டர் திடீரென நின்றுவிடும். சாட்டையைப் பிடித்த கை சிறிது அசைந்தாலும் நுனி பெரிதாகச் சுழல்வதுபோல, சங்கிலியில் பின்னோக்கிச் செல்லச் செல்ல ஆட்டம் பெருகுவதை அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961இல் விளக்கினார். குழந்தைகளின் டயப்பர் தேவை ஏறக்குறைய மாறாததாக இருந்தும், அவற்றைத் தயாரிக்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்கு வந்த ஆர்டர்கள் கடுமையாக ஏறி இறங்கியது இதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம்.

புதிய வரிமுறையில் எல்லை வரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச் சீட்டு (இ-வே பில்) வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் விதிக்கப்பட்ட மத்திய விற்பனை வரியைத் தவிர்ப்பதற்காகவே மாநிலத்துக்கொரு கிடங்கு வைத்திருந்த நிறுவனங்கள் அவற்றை ஒன்றுசேர்க்கவும் வழி பிறந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, ஒரே அளவு தேவையுடைய நான்கு கிடங்குகளை ஒன்றாக்கினால் பாதுகாப்பு இருப்பு பாதியாகும், ஏனெனில் ஓரிடத்தில் கூடும் தேவையை மற்றோரிடத்தில் குறையும் தேவை ஈடுசெய்துவிடுகிறது.

இருப்பை அடியோடு ஒழிப்பதும் ஆபத்தே. 2020 ஊரடங்கில் வாளையார் மீண்டும் அடைபட்டபோது, இரண்டு நாள் சரக்கோடு இருந்தவர்கள் முதலில் தவித்தார்கள். குறைந்த இருப்புக்குப் பெயர்போன டொயோட்டாவே 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, மின்னணுச் சில்லுகளைச் சில மாதங்களுக்குச் சேர்த்துவைக்கத் தன் வழங்குநர்களைக் கேட்டுக்கொண்டது. மாற்றுவழியுள்ள வார்ப்புக்கும், கிடைக்காவிட்டால் ஆலையையே நிறுத்திவிடும் சில்லுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

இந்தக் கணக்கைப் போட விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஆர்டர் சொன்ன தேதியும் லோடு இறங்கிய தேதியும் கேட் பதிவேட்டிலும் பில் கட்டிலும் ஏற்கெனவே இருக்கின்றன. ஓராண்டுக்கான தேதிகளை வழங்குநர்வாரியாக எடுத்தெழுதி, யார் சீக்கிரம் தருகிறார் என்பதற்கு முன்பாக, யாருடைய நாட்கள் அதிகம் சிதறிக் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். நாள் தவறாத பவுண்டரிக்கு வார்ப்புக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அந்தத் தாளிலேயே விடை இருக்கும். நாளுக்கு 100 வார்ப்பு, ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால், அந்த ஐந்து ரூபாய் 1,50,000 ரூபாயாகிறது. வட்டியில் மிச்சமாவதோ 14,400 தான். வட்டியை மட்டும் பார்த்தால் கொடுக்கக்கூடாது. ஆனால் வார்ப்பு வராமல் பூட்டும் பிரிவு ஆண்டுக்கு எத்தனை நாள் சும்மா இருந்தது என்ற எண்ணும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும். பல இடங்களில் எழுதி வைக்கப்படாத எண் அதுதான்.