சார்ட் தானாக நீள என்ன செய்ய வேண்டும்?

எக்செல்லில் ஒரு நெடுவரிசையில் தேதி, பக்கத்தில் மேட்டூர் அணையின் நீர்மட்டம். முதல் வரி தலைப்பு, அதன்கீழ் ஜூன் மாதத்தின் 30 நாள். இதை வைத்துக் கோட்டுச் சார்ட் ஒன்று போட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு நாளின் அளவைத் திருத்தினால் கோடு உடனே நகர்கிறது. ஆனால் ஜூலை 1-க்கான அளவைக் கீழே சேர்த்தால் சார்ட் அசைவதே இல்லை. பலர் தினமும் எல்லையைக் கையால் இழுத்து நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது தேவையே இல்லாத வேலை.

கோட்டின் மேல் கிளிக் செய்து, மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். சீரீஸ் என்று தொடங்கும் ஒரு சூத்திரம் இருக்கும். அதற்குள் டாலர் குறிகளோடு பி2 முதல் பி31 வரை என்று எழுதியிருக்கும். சார்ட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் எது மாறினாலும் எக்செல் அதைச் சார்ந்தவற்றையெல்லாம் மறுபடி கணக்கிட்டு வரைந்துவிடும். பி32 எல்லைக்கு வெளியே இருக்கிறது. இன்னொன்றும் செய்து பாருங்கள்: பத்தாவது வரிக்குக் கீழே ஒரு புது வரியைச் செருகினால், சூத்திரம் தானாகவே பி32 என்று மாறிவிடும். உள்ளே செருகினால் எல்லை விரிகிறது, கடைசியில் ஒட்டினால் விரிவதில்லை.

சரி, தீர்வு என்ன? தரவுக்குள் ஒரு செல்லில் நின்று கண்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பகுதி டேபிள் ஆகிவிடும். இனி அதற்கு அடுத்த வரியில் எதைத் தட்டினாலும் டேபிள் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், சார்ட்டின் சூத்திரத்தில் உள்ள முகவரியையும் எக்செல் நீட்டி எழுதிவிடும். ஒரு வரி விட்டுத் தட்டினால் சேராது. கடைசியில் மொத்தக் கூட்டல் வரி போட்டிருந்தால் அதற்குக் கீழே தட்டுவதும் சேராது. அப்போது புது வரி சேர்க்க, கடைசித் தரவு செல்லில் டேப் விசையை அழுத்த வேண்டும்.

டேபிள் வருவதற்கு முன்பு எல்லோரும் செய்தது ஆஃப்செட், கவுண்ட்ஏ என்ற இரண்டு ஃபங்ஷன்களின் ஜோடி. பி2-இல் தொடங்கு, நெடுவரிசையில் எத்தனை செல் நிரம்பியிருக்கிறதோ அதில் தலைப்புக்கு ஒன்றைக் கழித்து அவ்வளவு நீளம் எடு என்று சூத்திரம் எழுதி, அதற்கு ஒரு பெயர் கொடுத்து, சார்ட்டில் அந்தப் பெயரைப் போடுவார்கள். சார்ட் சூத்திரம் ஃபங்ஷனை நேரடியாக ஏற்காது, அதனால்தான் பெயர். இதில் இரண்டு தொல்லை. நடுவில் ஒரு நாள் காலியாக இருந்தால் எண்ணிக்கை ஒன்று குறைந்து, கடைசி நாள் சார்ட்டிலிருந்து விழுந்துவிடும். அப்புறம், எந்த செல் மாறினாலும் ஆஃப்செட் மறுபடி ஓடும்; பெரிய கோப்பில் இப்படிப் பல இருந்தால் வேகம் குறையும். பெரும்பாலான வேலைக்கு டேபிளே போதும் என்பேன்.

தரவு இணையத்திலிருந்தோ வேறு கோப்பிலிருந்தோ வருகிறதா? எக்செல்லிலேயே உள்ள, வெளித் தரவை இழுத்துவரும் பவர் குவெரி மூலம் இழுத்தால் முடிவு டேபிளாகவே வந்து இறங்கும். இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பி என்று அதன் இணைப்பில் சொல்லிவைக்கலாம்.

தானாக வளரும் சார்ட்டில் அச்சையும் கவனிக்க வேண்டும். புது எண் வரும்போது எக்செல் செங்குத்து அச்சின் அளவையும் தானே மாற்றலாம். நேற்றுச் செங்குத்தாகத் தெரிந்த ஏற்றம் இன்று தட்டையாகத் தெரியும், அணையில் எதுவும் மாறாமலேயே. மேட்டூரின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அச்சின் கீழ் எல்லையை 0, மேல் எல்லையை 120 என்று நிலையாக வைத்துவிட்டால் நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒரே அளவில் ஒப்பிடலாம்.