மோனோஃப்ளோரல் தேன்: தமிழில் எப்படிச் சொல்வது?

கொஞ்ச காலமாகத் தேன் பாட்டில்களில் 'மோனோஃப்ளோரல்' என்ற சொல் தென்படுகிறது. 'மோனோஸ்' கிரேக்கச் சொல். ஒற்றை என்று பொருள். 'ஃப்ளோஸ்' என்றால் லத்தீனில் பூ. இரு மொழிகளையும் முடிச்சுப் போட்ட இந்தக் கலப்பு பிடிக்காதவர்கள், முழுக்க லத்தீனாகவே 'யூனிஃப்ளோரல்' என்பார்கள். நமக்கு 'ஒருமலர்த் தேன்' போதும். இதற்கு எதிர்ச்சொல்லான 'மல்டிஃப்ளோரல்' பன்மலர்த் தேன். சொல்லாக்கம் சுலபம்தான். பொருளில்தான் வில்லங்கம்.

ஒருமலர்த் தேன் என்றால் முழுக்க முழுக்க ஒரே பூவின் தேன் அல்ல. ஒரு தேனீ ஒரு நடையில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் நாடும். ஆனால் கூட்டில் இருப்பவை ஆயிரக்கணக்கான தேனீக்கள். ஒவ்வொன்றும் ஒரு திசை. அதனால் தேனில் கிடக்கும் மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் வைத்து எண்ணுகிறார்கள். ஒரு செடியின் மகரந்தம் 45 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அந்தச் செடியின் பெயரைச் சூட்டுவது பொதுவான வழக்கம். ஆக 'ஒரு' என்பது இங்கே 'பெரும்பாலும்' என்ற பொருளில்தான் வருகிறது.

அந்தப் பெரும்பான்மையே நாக்குக்குத் தெரியும். நாவல் தேன் கருத்திருக்கும். விழுங்கிய பிறகு ஒரு சிறு கசப்பு தங்கும். பிகாரின் முசாபர்பூர் லிச்சித் தோப்புகளில் எடுக்கும் தேன் வெளிர்நிறம், பழவாசனை. வட இந்தியக் கடுகுத் தேன் சீக்கிரமே உறைந்து வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். உடனே 'சர்க்கரை கலந்திருக்கான்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். குளுக்கோஸ் மிகுந்த தேன் உறையும், ஃபிரக்டோஸ் மிகுந்த தேன் நெடுநாள் இளகியே இருக்கும். கலப்படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் கிடைக்கும் ரப்பர்த் தேனும் இப்படி உறையக்கூடியதுதான். மணம் குறைவு, இனிப்பு நேரடியானது. ஒருமலர்த் தேன் என்ற சொல் சறுக்குகிற இடமும் இதுதான். ரப்பர் மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர் விடும். இளம் இலையில், காம்பும் மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில், நுண்ணிய சுரப்பிகள் உண்டு. அவற்றில் கசியும் இனிப்பு நீரைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. பூவுக்கு இதில் பெரிய வேலை இல்லை. ரப்பர்த் தேனை 'ஒருமலர்' என்று எழுதினால் இலை கோபித்துக்கொள்ளும்! 'ஒருமரத் தேன்' என்றால் பிழையில்லை. வெறுமனே 'ரப்பர்த் தேன்' என்றாலும் சரிதான்.

நம் ஊர் வழக்கு பூவை அதிகம் கேட்டதில்லை. எந்த ஈ, எங்கே கூடு கட்டியது என்பதே பெயர். பாறை முகட்டிலும் நெடுமரங்களிலும் பெரிய ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ தருவது மலைத்தேன். மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை வைப்பது அடுக்குத் தேனீ. பெட்டியில் வளர்ப்பதும் இதைத்தான். இதன் தேன் பொந்துத்தேன், அடுக்குத்தேன். சுவர் விரிசலில் குடியிருக்கும் கொசுத்தேனீக்குக் கொடுக்கு வேலை செய்யாது. மெழுகும் பிசினும் குழைத்துச் செய்த குட்டிக் குடங்களில் தேனைச் சேர்க்கும். நீர்ப்பதம் மிகுதி, புளிப்பும் பிசின் வாசமும் சேர்ந்த சுவை. கிடைப்பது கொஞ்சம் என்பதால் விலையும் அதிகம். பெரும்பாலும் மருந்துக்குத்தான் வாங்குவார்கள்.

அப்புறம் கொம்புத்தேன். கொம்பு என்றால் கிளை. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட பழமொழி எல்லோருக்கும் தெரியும். ஆனால் இன்று கொம்புத்தேனீ என்று நாம் சொல்லும் சிறு ஈ, பெரும்பாலும் புதரிலும் தாழ்ந்த கிளையிலும் உள்ளங்கை அகல அடைதான் கட்டும். உட்கார்ந்தபடியே எட்டிவிடலாம். பழமொழிக்காரர் நினைத்தது உயரக் கிளையில் தொங்கும் மலைத்தேனீயின் அடையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். குறுந்தொகையின் 60ஆம் பாட்டில் முடவன் ஏங்கிப் பார்ப்பதும் நெடிய மலையின் 'பெருந்தேன்'தான்.

பூவையும் தேனையும் சேர்த்துச் சொன்ன பழைய சான்றும் அதே நூலில் உண்டு. 'கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடன்' என்கிறது மூன்றாம் பாட்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுக்கப் பூக்கும். 2006இலும் 2018இலும் பூத்தது. அந்தச் சில வாரங்களில் கட்டிய அடைக்கு 'ஒருமலர்த் தேன்' என்ற பெயர் அநேகமாக அப்படியே பொருந்தும். மற்ற ஆண்டுகளில் 'குறிஞ்சித் தேன்' என்று யாராவது விற்றால், எந்த மலை, எந்த ஆண்டு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.