எஸ்ஏடி தேர்வின் முதல் கேள்விக்கு அஞ்சாதீர்கள்

கணிதத்தில் நல்ல தேர்ச்சியுள்ள மாணவி ஒருவர், அண்மையில் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் முதல் கணித மாட்யூலில், அதாவது தனி நேரம் கொண்ட கேள்வித் தொகுதியில், தொடக்கத்தில் வந்த சில கேள்விகளையே திரும்பத் திரும்பச் சரிபார்த்து நேரத்தை இழந்து, கடைசிக் கேள்விகளைத் தொடாமலேயே வந்துவிட்டார். ஆரம்பத்தில் ஒன்று தவறினாலும் கணினி எளிய கேள்விகளாகவே கொடுத்து மதிப்பெண்ணைக் குறைத்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதை இன்னும் எத்தனை பேரிடம்தான் மறுத்துச் சொல்வது?

ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப அடுத்த கேள்வி மாறுவது மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வின் முறை. எஸ்ஏடியின் முறை அன்று. 2023 மார்ச்சில் வெளிநாடுகளிலும் 2024 மார்ச்சில் அமெரிக்காவிலும் கணினிக்கு மாறிய இத்தேர்வில், ஆங்கிலமும் கணிதமும் இரண்டிரண்டு மாட்யூல்களாக வருகின்றன. மூன்றாவது கேள்வியில் நீங்கள் தவறினாலும் தவறாவிட்டாலும் நான்காவது கேள்வி மாறாது. முதல் மாட்யூல் முழுவதையும் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தே இரண்டாவது மாட்யூலின் கடினம் அமைகிறது. முதலில் வருவதாலேயே எந்தக் கேள்விக்கும் தனிச் சிறப்பு இல்லை. நேரம் இருக்கும்வரை, அந்த மாட்யூலுக்குள் எந்தக் கேள்விக்கும் திரும்பிச் சென்று விடையை மாற்றலாம். போதாக்குறைக்கு, ஒவ்வொரு மாட்யூலிலும் மதிப்பெண்ணில் சேராத கேள்விகள் இரண்டு கலந்திருக்கின்றன. அவை எவை என்று உங்களுக்குத் தெரியாத நிலையில், ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டுவதில் என்ன பயன்?

வேண்டுமென்றே சில விடைகளைத் தவறாகக் கொடுத்து எளிய மாட்யூலைப் பெறலாம் என்ற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். எளிய மாட்யூலில் அத்தனையும் சரியாக இருந்தாலும் அந்தப் பாடத்தின் முழு மதிப்பெண்ணான 800 கிடைக்காது. இரண்டாவது மாட்யூல் கடினமாகத் தோன்றினால் கலங்கவும் வேண்டாம். பெரும்பாலும் முதலாவதை நன்றாகச் செய்ததன் விளைவே அது.

கணிதத்தில் ஒரு மாட்யூலின் 22 கேள்விகளுக்கு 35 நிமிடங்கள். ஆங்கிலத்தில் ஒரு மாட்யூலின் 27 கேள்விகளுக்கு 32 நிமிடங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால் எதையும் வெற்றாக விடாதீர்கள். அச்சிட்ட தாளில் பயிற்சி செய்தால் இந்த மாட்யூல் மாற்றம் பழகாது. இத்தேர்வை எழுதுவதற்கான ப்ளூபுக் செயலியில் இலவசமாகக் கிடைக்கும் முழுத் தேர்வுகளை, அதிலேயே உள்ள டெஸ்மோஸ் கணிப்பானோடு, நேரம் வைத்து எழுதுங்கள்.

பெற்றோரே, உறவினர் வீட்டுப் பிள்ளை பயன்படுத்திய பழைய புத்தகங்களைத் தயவுசெய்து வாங்கித் தராதீர்கள். அவற்றிலுள்ள நீண்ட வாசிப்புப் பகுதிகளும் கணிப்பான் இல்லாத கணிதப் பகுதியும் இன்றைய தேர்வில் இல்லை. மடிக்கணினியில் தேர்வுக்கான அமைப்பைச் சில நாட்களுக்கு முன்பே முடித்து, முழுமையாக மின்னேற்றி, சார்ஜரையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். கைபேசியில் இத்தேர்வை எழுத முடியாது.