எட்டு நல்ல ஆட்டங்களின் கணக்கு

டோக்கியோ ஒலிம்பிக் கோல்ஃப் போட்டியில் நம் நாட்டு வீராங்கனை அதிதி அசோக் மைனஸ் 15 எடுத்து நான்காம் இடம் பிடித்தாராமே, மைனஸ் எடுத்தவர் எப்படி முன்னுக்கு வர முடியும் என்று குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கோல்ஃபில் அடிகளைத்தான் எண்ணுகிறார்கள். குறைவாக அடித்தவரே வென்றவர். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை எத்தனை அடிகளில் முடிப்பார் என்று முன்னரே குறித்து வைத்திருக்கும் எண் ‘பார்’. டோக்கியோவில் பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு சுற்றுக்குப் பார் 71, நான்கு சுற்றுகளுக்கு 284. அதிதி 269 அடிகளில் முடித்தார்; பாரைவிட 15 குறைவு, அதுவே மைனஸ் 15. ஓர் அடி குறைந்திருந்தால் பதக்கத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் அவரும் நின்றிருப்பார்.

மொத்த அடிகளை எண்ணும் இம்முறை ஸ்ட்ரோக் பிளே. மேட்ச் பிளே என்னும் இன்னொரு முறையில் ஒவ்வொரு குழியும் தனிப் போட்டி. ஒரு குழியில் நீங்கள் பத்து அடி அடித்தாலும் இழப்பது அந்த ஒரு குழியை மட்டுமே என்பதால், மொத்தத்தில் அதிகம் அடித்தவர்கூட வெல்லலாம். ஐரோப்பிய, அமெரிக்க அணிகள் மோதும் ரைடர் கோப்பை இவ்வாறே ஆடப்படுகிறது. ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் முறை 1932இல் இங்கிலாந்தில் பரவத் தொடங்கியது. அதில் பாருக்கு 2 புள்ளி, ஓர் அடி குறைந்தால் 3, ஓர் அடி கூடினால் 1, அதற்கு மேல் எவ்வளவு கூடினாலும் பூஜ்யம்.

இவற்றையெல்லாம்விட என்னை வியக்க வைப்பது ஹேண்டிகேப் என்னும் சலுகைக் கணக்கு. வேலூர்க் கோட்டை மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் குட்டித் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட்டானாலும் கணக்கில் வராது. கோல்ஃபிலோ திறன் குறைந்தவருக்கு இத்தனை அடிகள் சலுகை என்று கணக்கிட்டுக் கொடுத்து, வல்லவரோடு மெய்யாகவே மோத விடுகிறார்கள். நாடுகளிடையே ஆறு விதமாக இருந்த இக்கணக்கு 2020 முதல் உலகப் பொதுமுறையாயிற்று.

முதலில், ஆடிய திடலின் கடுமையை நீக்க வேண்டும். தேர்ந்தவர் அங்கே எடுக்கக்கூடிய அடிகள் ‘திடல் மதிப்பு’. சாதாரண ஆட்டக்காரரை அத்திடல் எவ்வளவு கூடுதலாகத் திணறடிக்கும் என்பது ‘ஸ்லோப்’ என்னும் இன்னொரு மதிப்பு, அதன் இயல்பளவு 113. திடல் மதிப்பு 71, ஸ்லோப் 125 உள்ள திடலில் ஒருவர் 95 அடித்தால், வித்தியாசமான 24ஐ 113ஆல் பெருக்கி 125ஆல் வகுக்க 21.7 வரும். அதே 95ஐ அதே திடல் மதிப்பும் ஸ்லோப் 113உம் உள்ள திடலில் அடித்திருந்தால் 24தான். கடும் திடலில் அடித்த 95 உயர்ந்த ஆட்டம் என்பதை வகுத்தல் ஒன்றே சொல்லிவிடுகிறது.

இப்படிப் பெற்ற கடைசி 20 எண்களில் மிகச் சிறந்த 8ஐ மட்டும் எடுத்துச் சராசரி காண்கிறார்கள். அதுவே ஒருவரின் ஹேண்டிகேப் எண். இருபதையும் ஏன் எடுக்கவில்லை? சலுகை பெறுவதற்காக ஒருவர் வேண்டுமென்றே மோசமாக ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு நல்ல ஆட்டங்கள் பட்டியலில் இருக்கும்வரை, எஞ்சிய பன்னிரண்டை அவர் எவ்வளவு கெடுத்தாலும் எண் இம்மியும் நகராது. ஆகவே இந்த எண் அவருடைய சராசரி ஆட்டத்தைக் காட்டுவதன்று. நன்றாக ஆடும் நாளில் எட்டக்கூடிய உயரத்தைக் காட்டுவது. பெரும்பாலான நாள்களில் அந்த உயரத்தை எட்டாமல் போவதே இயல்பு என்பதும் இதனால் விளங்கும். பள்ளிப் பாடத்தில் சராசரியை வெறும் கூட்டி வகுத்தலாகக் கற்பிப்பவர்கள் இந்த உதாரணத்தைக் கையாண்டால், எதைக் கூட்டுவது என்று தீர்மானிப்பதும் கணிதமே என மாணவர்களுக்குப் புரியும். வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் ஆகாது என்று கூடுதல் பணம் கட்டி வேறு எண் வாங்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் இந்த எட்டைப் பரிந்துரைக்கிறேன்.

ஆடப்போகும் நாளில் அந்த எண் மறுபடி அங்குள்ள திடலுக்கேற்ப மாறும். எண் 18, ஸ்லோப் 132 என்றால் 18ஐ 132ஆல் பெருக்கி 113ஆல் வகுக்க ஏறத்தாழ 21. திடல் மதிப்பு பாரோடு ஒத்திருந்தால் இதுவே அன்றைய சலுகை. பதினெட்டுக் குழிகளுக்கும் குழிக்கு ஓர் அடி போக, மிஞ்சும் மூன்றும் ஆட்ட அட்டையில் கடினத்துக்கேற்ப 1, 2, 3 என்று வரிசை எண் இட்டிருக்கும் குழிகளுக்குச் சேரும்.